கழற்ற முடியாத நீள் அங்கி

நவீன சீன இலக்கியத்தின் முன்னோடியான லூ சுன் (1881–1936) படைத்த சிறுகதைகளுள் 'கோங் யிஜி' குறிப்பிடத்தக்கது. 1919-இல் வெளிவந்த அக்கதை, 2023-இல் சீன இளைஞர்தம் இணைய உரையாடல்களில் மீண்டும் உயிர்பெற்றது. ஓர் இலக்கியப் படைப்பு நூறாண்டு கடந்து இளைஞர் வழக்காகிய விதம் ஆராயத்தக்கது.

கதை நிகழும் களம் ஒரு மதுக்கடை. நீள் அங்கி அணிந்த வசதி படைத்தோர் உள்ளே அமர்ந்து அருந்துவர். குறுஞ்சட்டை அணிந்த உழைப்பாளிகள் நின்றே அருந்துவர். நீள் அங்கி அணிந்தும் நின்று அருந்துபவன் கோங் யிஜி ஒருவனே. அரசுத் தேர்வில் தேறாத அப்படிப்பாளியின் அங்கியோ அழுக்கேறிக் கிழிந்தது. 'ஹூய்' என்னும் எழுத்தை நான்கு வகையாக எழுதலாம் என்று கடைச் சிறுவனுக்குக் கற்பிக்க அவன் முயல்கிறான். (சீன முஸ்லிம்களாகிய ஹூய் மக்களின் பெயரைக் குறிப்பதும் இவ்வெழுத்தே.) பின்னர்த் திருட்டுக் குற்றத்திற்காகக் கால் முறிக்கப்பட்டு, கைகளால் ஊர்ந்து வந்து இறுதியாக ஒருமுறை குடித்துச் செல்கிறான். கடைக்காரர் நினைவில் எஞ்சுவது அவன் தரவேண்டிய 19 காசு மட்டுமே.

இதனைப் பள்ளிப் பாடமாகப் படித்த தலைமுறை, பட்டம் பெற்று வேலை தேடி நின்றது. 2023-இல் சீனத்தில் பட்டம் பெற்றோர் ஏறத்தாழ 1 கோடியே 16 லட்சம் பேர். அவ்வாண்டு ஜூனில் நகர்ப்புற இளைஞரிடையே வேலையின்மை 21.3 விழுக்காட்டை எட்டியது. ஆகஸ்டில் அப்புள்ளிவிவர வெளியீடே நிறுத்தப்பட்டு, மாணவரை விலக்கிய புதுக் கணக்கீட்டுடன் பின்னர்த் தொடர்ந்தது. தாம் பெற்ற பட்டம் கழற்ற முடியாத அங்கியாகிவிட்டது என இளைஞர்கள் தம்மையே எள்ளி எழுதினர். 'கோங் யிஜி இலக்கியம்' என்று அதற்குப் பெயரும் வாய்த்தது.

அவன் வீழ்ச்சிக்குக் காரணம் கல்வியன்று, அங்கியைக் கழற்றி உழைக்க மனமில்லாமையே என்று சீன அரசுத் தொலைக்காட்சி அவ்வாண்டு மார்ச்சில் அறிவுரை கூறியது. இளைஞர்கள் சினமுற்றனர். அவ்வறிவுரையை எள்ளிய பாடலொன்று பரவி, இணையத்திலிருந்து நீக்கப்பட்டது.

மூலக்கதை கூறுவது யாது? அவன் சோம்பலை லூ சுன் மறைக்கவில்லை. ஆயினும் கதை முழுவதும் ஒலிப்பது அவனைக் கண்டு பிறர் நகைக்கும் நகையே. கால் முறிந்தவனைக் கண்டும் கடையில் நகைக்கின்றனர். அறிவுரை கூறிய தொலைக்காட்சி அந்நகையைப் பற்றி ஏதும் பேசவில்லை. இளைஞர்களோ அதனைத் தம் காதால் கேட்டனர்.