சிறு வழக்கறிஞர் அலுவலகத்திற்கு ஏற்ற மென்பொருள்

இரண்டு மூன்று வழக்கறிஞர்களும் ஒரு குமாஸ்தாவும் பணிபுரியும் அலுவலகம் நிர்வாக மென்பொருள் வாங்க முற்படுகையில் முதலில் விலையை விசாரிப்பதே வழக்கம். அது நாட்களை எவ்வாறு கணக்கிடுகிறது என்பதையே முதலில் ஆராய்தல் வேண்டும்.

வாய்தாத் தேதிகளுக்கு நாட்குறிப்பே போதும். சட்டம் விதிக்கும் காலவரம்புகளோ கடுமையானவை. 2015ஆம் ஆண்டின் வணிக நீதிமன்றங்கள் சட்டப்படி, அழைப்பாணை சார்பு செய்யப்பட்ட 30 நாட்களுக்குள் பிரதிவாதி எதிர்வழக்குரையைத் தாக்கல் செய்தல் வேண்டும். தக்க காரணம் இருப்பின் நீதிமன்றம் 120ஆம் நாள் வரை அனுமதிக்கலாம். அதன்பின் அவ்வுரிமை அற்றுவிடும். 2018இன் திருத்தத்திற்குப் பின் 3 லட்சம் ரூபாய் மதிப்புள்ள வணிகத் தகராறும் இதில் அடங்குவதால், சிறு அலுவலகங்களும் இதற்கு விலக்கல்ல. அழைப்பாணை நாளைப் பதிந்தவுடன் இரு எல்லைகளையும் மென்பொருள் காட்டுகிறதா? ஒருவர் விடுப்பிலிருந்தால் மற்றவருக்கு நினைவூட்டுகிறதா? முடிந்துபோன பத்து வழக்குக் கட்டுகளின் விவரங்களைப் பதிந்து பார்த்தால், விற்பனையாளரின் செயல்விளக்கத்தைவிட மிகுதியாகவே தெரியவரும்.

மின் நீதிமன்றத் திட்டத்தின்கீழ் வழக்குகளுக்கு 16 குறிகள் கொண்ட சி.என்.ஆர். எண் வழங்கப்படுகிறது. அதனைக் கொண்டு அடுத்த தேதியைக் கட்டணமின்றி அறியலாம். முப்பது நாற்பது வழக்குகளே உள்ள அலுவலகத்திற்கு இதுவும் ஓர் அட்டவணையும் போதுமானவை. செலவு தேவையில்லை என்பதே என் கருத்து.

வாங்குவோர் பணம் செலுத்துமுன் ஒன்றைக் கேட்டறிதல் நலம். சந்தா நின்றபின் ஆவணங்கள் யாரிடம் இருக்கும்? கட்சிக்காரர் கூறியவற்றை அவருடைய சம்மதமின்றி வெளியிட வழக்கறிஞருக்கு உரிமையில்லை. ஆதலால் பதிவுகள் அனைத்தையும் பொதுவான கோப்பு வடிவில் திருப்பித் தரவும், தம்மிடமுள்ள படிகளை அழிக்கவும் விற்பனையாளர் ஒப்பந்தத்திலேயே எழுதித் தருதல் வேண்டும்.