விற்க முடியாத வயல்: ஒரு மினாங்கபாவ் சிற்றூரில் வாழ்வும் சொத்தும்

நெகிரி செம்பிலானுக்குச் சென்று வந்தவர்கள் அங்குள்ள அரசாங்கக் கட்டடங்களின் கூரையைக் கவனித்திருப்பார்கள். இரு முனைகளும் எருமைக் கொம்பைப் போல மேல்நோக்கி வளைந்திருக்கும். அந்தக் கூரைக்கும், அம்மாநிலத்தில் வழங்கிவரும் 'அடாட் பெர்பாத்தே' எனும் தாய்வழி மரபுக்கும் பிறப்பிடம் இந்தோனேசியாவின் மேற்குச் சுமத்ரா மலைநாடு. வரலாற்றுப் பாடத்தில் நாம் இதை ஒரே வரியில் படித்துக் கடந்திருப்போம். 'சொத்து பெண்களுக்கே' என்று மனனம் செய்து தேர்வில் எழுதியவர்களும் உண்டு. இக்கட்டுரையாளரும் அவர்களுள் ஒருவர். ஆனால் அந்த வரி பாதி உண்மைதான். மேற்குச் சுமத்ராவின் அமைதியான ஊர் ஒன்றில் நின்று, 'இந்த வயல் யாருடையது?' என்று கேட்டுப் பார்த்தால் மீதிப் பாதி விளங்கும்.

ஊரும் வீடும்

தானா டாத்தார் மாவட்டத்தில், 2,891 மீட்டர் உயரமுள்ள மராப்பி எரிமலையின் தென்சரிவில் பாரியாங்கான் என்ற ஊர் இருக்கிறது. மினாங்கபாவ் மக்கள் தங்கள் இனத்தின் முதல் ஊர் என்று போற்றுவது இதனைத்தான். படிப்படியாக இறங்கும் நெல்வயல்கள், தென்னை, மலைச்சரிவில் இலவங்கப்பட்டை மரங்கள், பள்ளிவாசலை ஒட்டி வெந்நீர் ஊற்று என ஊர் பார்க்க அழகாகவே இருக்கும். அந்த மலையோ அவ்வளவு சாதுவானதன்று. 2023 டிசம்பரில் அது வெடித்தபோது மலையேறிகள் 24 பேர் உயிரிழந்தனர்.

இத்தகைய ஊரை 'நகாரி' என்பர். நாம் 'நகரி' என்று வழங்கும் அதே வடசொல்தான். பள்ளிவாசல், ஊர்மன்றம், பாதை, குளிக்கும் துறை ஆகியவை இருந்தால்தான் ஓரிடம் நகாரி என்ற தகுதியைப் பெறும். நம் மொழி மாணவர்களுக்கு இம்மாவட்டத்தில் இன்னொரு செய்தியும் உண்டு. 14ஆம் நூற்றாண்டில் ஆதித்தியவர்மன் என்ற மன்னன் காலத்தில் சுருவாசோவில் தோட்டத்துக்கு நீர் கொண்டுசெல்லக் கால்வாய் வெட்டப்பட்டது. அதன் கரைப் பாறையில் இருவகை எழுத்துகளில் கல்வெட்டுப் பொறித்திருந்தார்கள். ஒன்று பழைய ஜாவானிய வகை எழுத்து. மற்றொன்று தென்னிந்தியக் கிரந்த எழுத்து. நம்மவர் யாரோ அந்த மலைநாடு வரைக்கும் போயிருக்கிறார்கள்.

மரபான வீட்டின் பெயர் 'ருமா காடாங்', அதாவது பெரிய வீடு. முன்பாதி முழுவதும் பொதுக்கூடம். பின்பாதியில் வரிசையாக அறைகள். ஒவ்வொன்றும் மணமான ஒரு பெண்ணுக்கு உரியது. வீட்டில் மணமாகாத ஆண்மகனுக்கு அறையே கிடையாது. சிறுவன் ஓரளவு வளர்ந்ததும் இரவில் 'சுராவ்' எனும் தொழுகைக் கூடத்தில் போய்ப் படுத்துக்கொள்வான். திருமணம் ஆனபின் மனைவியின் வீட்டுக்குப் போகிறான்; அங்கே அவன் விருந்தாளி. மரக்கட்டையின் மேல் படிந்த சாம்பல் என்று கணவனைச் சொல்வார்கள், காற்றடித்தால் பறந்துவிடும் என்ற பொருளில். இன்று பெரும்பாலோர் சிறு வீடுகளில் மனைவி மக்களுடன் குடித்தனம் நடத்துகின்றனர். பல பெரிய வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. எனினும் வயலைப் பற்றிய விதி வீட்டைப் போல மாறிவிடவில்லை.

பூர்வீகமும் சம்பாத்தியமும்

மினாங்கபாவ் மக்கள் சொத்தை இரண்டாகப் பிரிக்கின்றனர். ஒருவர் தம் உழைப்பால் தேடியது சுய சம்பாத்தியம். காட்டை வெட்டித் திருத்திய முன்னோரிடமிருந்து பல தலைமுறையாகத் தாய்வழியில் வந்தது உயர் பூர்வீகம். அவர்கள் மொழியில் 'ஹார்த்தா புசாக்கா திங்கி'. வயல்களில் பெரும்பகுதி இவ்வகையைச் சேர்ந்ததே.

பூர்வீக வயலைப் பெண் உழுது பயிரிட்டு விளைச்சலை எடுத்துக்கொள்கிறாள். தன் மகளுக்கு விட்டுச் செல்கிறாள். ஆயினும் தன் விருப்பப்படி அதை விற்க அவளால் முடியாது. தாய்வழிக் குடும்பத்தின் மூத்த தாய்மாமன் மேற்பார்வை செய்கிறார். அவர் சம்மதம் இன்றி எதுவும் நடவாது. சகோதரிகளின் சம்மதம் இன்றி அவராலும் எதுவும் செய்ய முடியாது. விளைச்சலில் அவருக்குப் பங்கும் இல்லை. ஆக, 'என்னுடையது' என்று சொல்லக்கூடிய தனியாள் அங்கு எவரும் இல்லை. இதுவே தேர்வுத் தாளில் நாம் எழுதாமல் விட்டது.

தாய்மாமனின் பொறுப்பு மருமக்களிடம். பெற்ற பிள்ளைகளோ மனைவியின் குலத்தைச் சேர்ந்தவர்கள். இரண்டு வீட்டுக்கும் இடையே நின்ற இளைஞர்கள் பிழைப்புத் தேடி வெளியூர் சென்றார்கள். 'மெரந்தாவ்' என்ற இந்தப் புலம்பெயர்வுதான் நாசி பாடாங் கடையை ஜகார்த்தாவுக்கும் கோலாலம்பூருக்கும் கொண்டுவந்து சேர்த்தது எனலாம்.

இஸ்லாமியரான இவர்களுக்குள் இது பற்றிக் கடும் விவாதம் நடந்தது. மக்காவில் இமாமாக இருந்த மினாங்கபாவ் அறிஞர் ஷேக் அகமது கத்தீப் (1860–1916) இவ்வழக்கத்தை வன்மையாகக் கண்டித்தார். 1952இல் புக்கிட்திங்கியில் கூடிய மாநாடு, பூர்வீகம் மரபுப்படியும் சம்பாத்தியம் இஸ்லாமிய வாரிசு முறைப்படியும் செல்லும் என்று முடிவு செய்தது.

ஒத்தி வைப்பதற்கு நான்கு காரணங்கள்

விற்கக்கூடாத வயலை ஒத்தி வைக்கலாம். அதற்கும் மரபு ஒப்புக்கொள்ளும் காரணங்கள் நான்கே: அடக்கம் செய்யப் பணமின்றி வீட்டில் பிணம் கிடப்பது, வயது வந்த பெண் மணமாகாமல் இருப்பது, பெரிய வீட்டின் கூரை ஒழுகுவது, குலத் தலைவர் பட்டம் போன்ற இழந்த பெருமையை மீட்டெடுப்பது. மகனின் படிப்பும் மருத்துவமும் இப்பட்டியலில் இல்லை. இன்று அவற்றுக்காகவும் ஒத்தி வைக்கிறார்கள்; பெரியவர்கள் கண்டும் காணாமல் இருக்கிறார்கள்.

கடன் கொடுத்தவர் வயலைப் பயிரிட்டு விளைச்சலை அனுபவிப்பார். கடனைத் திருப்பித் தந்ததும் வயலை விட்டுவிட வேண்டும். தொகையைப் பெரும்பாலும் தங்கத்தின் எடையில் பேசிக்கொள்வர். இதனால் ரூப்பியா மதிப்பிழந்தாலும் கடன் கொடுத்தவருக்கு நட்டமில்லை. ஆனால் தங்க விலை ஏற ஏற, வயலை மீட்பவரின் சுமை ஏறும். 1960இல் இந்தோனேசிய அரசு கொண்டுவந்த சட்டப்படி, ஏழாண்டு அல்லது அதற்கு மேல் ஒத்தியில் இருந்த விளைநிலத்தைப் பணம் வாங்காமலே திருப்பித் தரவேண்டும். ஏழைக்குச் சார்பான சட்டம்தான். ஆனால் ஊரில் அதைக் காட்டி வயலைக் கேட்பவர் அரிது. ஆபத்தில் கைகொடுத்தவரிடம் வெறுங்கையோடு போய் நிற்பது அவமானம் என்று கருதுகிறார்கள். வெளியூரில் சம்பாதிக்கும் மகனோ தம்பியோ பணம் அனுப்பித்தான் பல வயல்கள் மீட்கப்படுகின்றன. அந்த வயலில் அவனுக்கு ஒரு பிடி நெல்லும் உரிமையில்லை என்பதை நினைத்துப் பார்த்தால் வியப்பாக இருக்கும்.

பட்டாவில் யார் பெயர்?

அதே 1960இல் வந்த அடிப்படை நிலச் சட்டம், மரபுவழிப் பொதுநிலத்தை அது உண்மையில் நிலைத்திருக்கும் வரை மதிப்பதாகக் கூறியது. ஆனால் பட்டா என்று வந்தால் ஒரு பெயர் வேண்டும். தனிப்பெயரில் பதிவான நிலத்தை விற்கலாம். வங்கியில் அடகும் வைக்கலாம். 2017 முதல் நாடு முழுவதும் நிலங்களைப் பதிவு செய்யும் திட்டம் வேகம் பெற்றதால், நகாரிகளில் இக்கேள்வியைத் தள்ளிப்போட முடியவில்லை. தாய்மாமன் பெயரில் எழுதினால் நாளை அவருடைய சொந்தப் பிள்ளைகள் உரிமை கேட்கலாம். ஒரு சகோதரியின் பெயரில் எழுதினால் மற்றவர்கள் விடுபடுவர்.

பிரிட்டிஷ் ஆட்சியில் நெகிரி செம்பிலான் இதற்கு வேறு வழி கண்டது. 1909ஆம் ஆண்டுச் சட்டம் பூர்வீக நிலத்தின் பட்டாவிலேயே மரபு நிலம் என்று குறிப்பு எழுதச் செய்து, அக்குலத்துப் பெண்களுக்கே கைமாற வேண்டும் என வரையறுத்தது. நிலம் குலத்தை விட்டு வெளியேறவில்லை. ஆனால் தலைமுறைக்குத் தலைமுறை பங்காளிகள் பெருகி, யாரும் பயிரிடாமல் கிடக்கும் நிலங்களும் பெருகின.

மேற்குச் சுமத்ராவில் பலர் தாய்மாமனையும் குடும்பத்தினரையும் சேர்த்தே பதிவு செய்கின்றனர். அதற்கு 'ராஞ்சி' எனப்படும் தாய்வழி வம்ச வரைபடம் வேண்டும். குலத் தலைவர் அதில் ஒப்பமிட வேண்டும். அதில் பாட்டியிலிருந்து பேத்தி வரை கோடுகள் இறங்கும். ஆண்களின் பெயரும் இருக்கும். ஆனால் அவர்களுக்குக் கீழே கோடு இராது. ஐந்து மகன்கள் இருந்தும் மகள் இல்லாவிட்டால் அக்கிளை 'புனா', அதாவது அற்றுப்போனது. அந்த ஐவரும் உயிரோடு இருக்கும் வரை வயலை அனுபவிக்கலாம். அவர்களுக்குப் பின் அது அடுத்த உறவுக் கிளையின் பெண்களுக்குப் போகும். எது அடுத்த கிளை என்பதில்தான் வழக்குகள் நீதிமன்றப் படியேறுகின்றன.