வாங்குமுன் அறிவோம்

நுழையுமுன்

நோயின் காரணத்தை அறிந்த பின்னரே மருந்தை நாடுதல் வேண்டும் என்பது வள்ளுவர் காட்டிய நெறி. விளம்பரங்கள் மலிந்த இக்காலத்தில் அந்நெறியை எவ்வாறு பின்பற்றுவது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

சித்தூரில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றில், பாட்டிக்குச் சில மாதங்களாகப் பாதங்கள் மரத்துப்போயின, சோர்வும் மிகுந்தது. திருப்பதிக்குச் சென்ற தந்தை, “பி வகை உயிர்ச்சத்துகள் எட்டும் ஒரே மாத்திரையில்! நரம்புகளுக்குப் புத்துயிர்!” என்ற விளம்பரத்தைக் கண்டு, 600 ரூபாய்க்கு ஒரு புட்டியை வாங்கி வந்தார்.

எட்டாம் வகுப்பில் பயிலும் மகள் புட்டியைத் திருப்பிப் பார்த்தாள். “அப்பா, இது மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அன்று எனப் பின்புறத்தில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்களே! பாட்டிக்கு எந்தச் சத்து குறைந்துள்ளது என்பதும் நமக்குத் தெரியாதே!” என்றாள். தந்தை சற்றுச் சிந்தித்தார். மறுநாள் மூவரும் மருத்துவரிடம் சென்றனர்.

மருத்துவர் இரத்தப் பரிசோதனை செய்வித்தார். பாட்டிக்கு பி12 குறைந்திருந்தது. நீரிழிவுக்காகப் பல ஆண்டுகள் மெட்ஃபார்மின் உட்கொள்வோருக்கு இக்குறை நேர்வதுண்டு என்று அவர் விளக்கினார். “புட்டியில் இருப்பது அன்றாடத் தேவைக்கான சிறிய அளவே, இக்குறையைத் தீர்க்க அது போதாது. அதிலுள்ள ஃபோலிக் அமிலம் இரத்தசோகையை மட்டும் சரிசெய்து, பி12 குறைவை மறைத்துவிடக்கூடும். அதற்குள் நரம்புகள் மேலும் கெட்டுவிடும். நல்ல வேளை, காலம் தாழ்த்தாமல் வந்தீர்கள், அம்மா!” என்று கூறி, பி12 ஊசி மருந்தை எழுதிக் கொடுத்தார்.

‘பி’ என்பது ஒரே சத்தன்று. வெவ்வேறு பணிகளைச் செய்யும் எட்டுச் சத்துகளின் தொகுதி. தீட்டிய அரிசியையே உண்டவர்களைத் தாக்கிய பெரிபெரி நோய்க்கு பி1 குறைவே காரணம். அந்நோயை ஆராய 1918-இல் குன்னூரில் தொடங்கப்பட்ட சிறிய ஆய்வுப் பிரிவே, பின்னர் வளர்ந்து ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. ஆந்திராவின் பீமவரத்தில் 1895-இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லப்பிரகட சுப்பாராவ், அமெரிக்காவில் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கிய குழுவை வழிநடத்தினார். இத்தகைய அறிஞர்கள், எந்தக் குறைக்கு எந்தச் சத்து என்று தேடிக் கண்டனர். விளம்பரமோ எல்லாக் குறைக்கும் ஒரே மாத்திரை என்கிறது.

சத்து மாத்திரை வாங்குமுன் நோக்க வேண்டியவை சில உள. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண், காலாவதி நாள், ஒவ்வொரு சத்தின் அளவு ஆகியவற்றைப் படித்தல் வேண்டும். 1000 மைக்ரோகிராம் சேர்ந்ததே 1 மில்லிகிராம். ஆகவே எண்ணை மட்டும் கண்டு மயங்கலாகாது. மிகுதியான அளவு மிகுதியான நன்மை தராது. பி வகைச் சத்துகளின் மிகுதி பெரும்பாலும் சிறுநீருடன் வெளியேறும். ஆனால் பி6-ஐ நெடுநாள் அளவுக்கு மீறி உட்கொண்டால், அதுவே நரம்புகளைப் பாதிக்கும்.

நலமாக உள்ளோர்க்குப் புழுங்கல் அரிசி, பருப்பு, கீரை, நிலக்கடலை, பால், முட்டை, மீன் முதலிய உணவுகளே இச்சத்துகளைத் தருகின்றன. பி12 பால், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றிலேயே உள்ளது. அவற்றை அறவே உண்ணாதோர் மருத்துவரைக் கேட்டறிதல் நன்று. பொய் விளம்பரத்தால் ஏமாந்தோர் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம்.

சில வாரங்களில் பாட்டியின் சோர்வு குறைந்தது. பாதங்களிலும் மெல்ல உணர்வு திரும்பியது. திறக்கப்படாத புட்டியைத் தந்தை கடையில் திருப்பிக் கொடுத்தார்.

சொற்பொருள்

மலிந்த – மிகுந்த; புட்டி – குப்பி; அறவே – முற்றிலும்

பயிற்சி

1. ஃபோலிக் அமிலம் மட்டும் உட்கொள்வதால் பாட்டிக்கு நேரக்கூடிய தீங்கு யாது?
2. பெரிபெரி நோய்க்குக் காரணம் என்ன?
3. உம் வீட்டிலுள்ள சத்துமாவுப் பொட்டலம் ஒன்றின் முன்புறத்தையும் பின்புறத்தையும் ஒப்பிட்டு ஐந்து வரிகள் எழுதுக.