மாங்கொட்டைக்குள் வண்டு எப்படிப் போச்சு?

நாற்றுப் பையில் போட எங்க வகுப்பில் நீலம் மாங்கொட்டை சேர்த்தோம். ஓட்டைப் பிளந்து பருப்பை மட்டும் நட்டால் சீக்கிரம் முளைக்கும் என்று டீச்சர் சொன்னாங்க. முதல் கொட்டையைப் பிளந்ததுமே கருப்பாக ஒன்று கீழே விழுந்தது. செத்த வண்டு என்று நினைத்தோம். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து நடந்தது! தொட்டால் செத்த மாதிரி நடிப்பது அதன் தந்திரம்.

பழத்தில் ஒரு ஓட்டைகூட இல்லையே, பின்னே எப்படி உள்ளே போனது? "பூவிலேயே முட்டை வெச்சிடும்" என்று எங்க பாட்டி சொல்வாங்க. பாதி சரி. பூவில் அல்ல, பிஞ்சில்.

இதன் பெயர் மாங்கொட்டைக் கூன்வண்டு. பெண் வண்டு பிஞ்சின் தோலைப் படகு வடிவில் லேசாகக் கடித்து ஒரே ஒரு முட்டை வைக்கும். பக்கத்திலேயே பிறை மாதிரி இன்னொரு கீறல் போடும். அதிலிருந்து வடியும் பால் முட்டைமேல் காய்ந்து மூடிக்கொள்ளும். மரத்தின் பாலே வண்டு முட்டைக்குக் காவல்! சுமார் ஒரு வாரத்தில் பொரிக்கும் காலில்லாத வெள்ளைப் புழு, சதையைத் துளைத்துக் கொட்டைக்குள் போய்விடும். அப்போது ஓடு இளசாக இருக்கும். காய் பெருக்கப் பெருக்க வழி தூர்ந்து, தழும்பும் மறைந்துவிடும். புழு பருப்பைத் தின்று, அங்கேயே கூட்டுப்புழுவாகி, வண்டாகும்.

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் ஐரிஸ் என்ற பூச்செடியின் விதையைத் தின்னும் கூன்வண்டுகள் உண்டு. ஐரிஸ் காயில் நிறைய விதை இருக்கும், சிலது போனாலும் மிச்சம் முளைக்கும். காய் காய்ந்து தானே வெடிப்பதால் வண்டு சுலபமாக வெளியே வரும். மாங்காய்க்கோ ஒரே விதை. ஓடும் வெடிக்காது, வண்டுதான் கடித்து வெளியே வரணும். ஆனாலும் மாம்பருப்பு பெரிசு. புழு முளையைத் தொடாவிட்டால் செடி வரும்.

வெளியே வந்த வண்டு மரப்பட்டை இடுக்கில் அடுத்த பூப்பு வரை பதுங்கியிருக்கும். வருஷத்துக்கு ஒரு தலைமுறைதான். அதிக தூரம் பறக்காது. தூர ஊர்களுக்கு அதைக் கொண்டு போவது நாம்தான், பழத்தோடு சேர்த்து! அதனால்தான் 2007ல் அமெரிக்கா இந்திய மாம்பழத்தை அனுமதித்தபோது, குறைந்தது 400 கிரே அளவு கதிர் காட்டியே அனுப்பணும் என்றது.

இப்போ நம்ம விஷயம். சாப்பிட்ட கொட்டையை எல்லோரும் சைக்கிள் ஸ்டாண்டு பக்கத்து மாமரத்தடியில்தான் வீசுகிறோம். வண்டு வெளியே வந்ததும் ஏற மரம் பக்கத்திலேயே தயார்! இனிமேல் கொட்டைகளை 9 'ஆ' வகுப்பு வாசலில் உள்ள வாளியில் போடுங்க. நல்லதை நடுவோம், வண்டு உள்ளதை எரிப்போம்.

பிடித்த வண்டு அறிவியல் அறையில் கண்ணாடி ஜாடியில் இருக்கிறது. பார்க்கலாம், மூடியைத் திறக்காதீங்க.