சிறு வில்லனுக்கும் ஒரு நேற்று உண்டு

முன்னுரை:

கதை என்றதும் தலைவனும் தலைவியும் நம் நினைவுக்கு வருகின்றனர். பெரிய வில்லனும் வருகிறான். இரண்டு நிமிடம் தோன்றி மடியும் சிறு வில்லனை நாம் எண்ணுவதில்லை. ஜாம்பி எனப்படும் நடைப்பிணங்கள் உலகை அழிக்கும் வீடியோ விளையாட்டுகளில் இத்தகையோர் பலர். அவர்களுக்கு முன்கதை கற்பனை செய்வது என் பொழுதுபோக்கு. அதனால் நான் கற்றதை மாணவ நண்பர்களுக்குக் கூற விழைகிறேன்.

முந்தைய நாள்:

2006ஆம் ஆண்டு ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 'டெட் ரைசிங்' என்னும் விளையாட்டை வெளியிட்டது. அமெரிக்காவின் கொலராடோவில் வில்லமெட் என்றொரு கற்பனை ஊர். அங்குள்ள பேரங்காடியை நடைப்பிணங்கள் சூழ்ந்துகொள்கின்றன. பிராங்க் வெஸ்ட் என்னும் பத்திரிகைப் புகைப்படக்காரர் அங்கே 72 மணி நேரத்தைக் கடத்த வேண்டும். அவரைத் தாக்குவோருள் உயிருள்ள மனிதர்களும் உண்டு.

ஸ்டீவன் என்பவன் மளிகைப் பிரிவின் மேலாளன். ஆயுதம் பூட்டிய தள்ளுவண்டியுடன் பாய்கிறான். அவனுடைய முந்தைய நாளை நான் இவ்வாறு கற்பனை செய்தேன்: விடிவதற்குள் கடையைத் திறக்கிறான், சாய்ந்த டப்பாவை நிமிர்த்துகிறான், இரவில் கணக்கு இடித்தால் உறக்கம் கெடுகிறான். பேரழிவு அவனுக்குப் புதிய குணத்தைத் தரவில்லை. பழைய குணத்தின் வேலியைத்தான் பிடுங்கியது. ஆகவே, "இவன் நேற்று என்ன செய்துகொண்டிருந்தான்?" என்பதே முன்கதை எழுதுவோர் கேட்க வேண்டிய முதற்கேள்வி.

காரணமும் நியாயமும்:

அதே விளையாட்டில் கிளிஃப் என்பவர் இரும்புச் சாமான் கடைக்காரர். வியட்நாம் போரில் இருந்தவர். நடைப்பிணங்கள் பேத்தியைக் கொன்றதும் அவருக்குப் பழைய போர் மனத்தில் மீண்டும் மூண்டுவிடுகிறது. அப்பாவிகளைச் சிறைப்பிடிக்கிறார். அவர் துயரம் நம்மை உருக்கும். ஆயினும் சிறைப்பட்டவர்க்கும் வீடும் பேத்தியும் இருந்திருக்கலாம் அல்லவா? துயரம் காரணமாகலாம், நியாயமாகாது. முன்கதை மன்னிப்புச் சீட்டன்று.

பெயரில்லா மருத்துவர்:

2013இல் வெளிவந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' விளையாட்டின் இறுதியில் சால்ட் லேக் சிட்டி மருத்துவமனை வருகிறது. எல்லி என்னும் சிறுமியை நோய் தாக்காது. அவள் மூளையை அறுத்து மருந்து காண முயல்கின்றனர். அறுத்தால் அவள் இறப்பாள். அவளை மீட்கவரும் ஜோயலைக் கத்தியுடன் ஒரு மருத்துவர் மறிக்கிறார். அவரைக் கொல்லாமல் ஆட்டம் நகராது. நான் கண்ணிமைக்கும் நேரத்தில் கொன்றேன். அருகிலிருந்த தம்பி, "அண்ணே, அவர் யாரு?" என்றான். "யாரோ ஒரு டாக்டர்டா" என்றேன்.

2020இல் வந்த இரண்டாம் பாகத்தில் அம்மருத்துவருக்குப் பெயர் கிடைத்தது: ஜெர்ரி. ஆபி என்னும் மகளும் இருந்தாள். அவள் பழிதீர்க்க வந்து ஜோயலைக் கொல்கிறாள்; பின்னர் பாதி ஆட்டத்தை அவளாகவே நாம் ஆட வேண்டியிருக்கிறது. அதில் சிறு காவலன் வீழ்ந்தாலும் அவன் தோழர்கள் பெயர் சொல்லி அலறுகின்றனர். தம்பியின் கேள்வி அப்போதுதான் எனக்குப் புரிந்தது. 'யாரோ' என்று நான் சொன்னது விடையன்று. விடை தேடாத சோம்பல்.

முடிவுரை:

முன்கதை வில்லனை நல்லவனாக்காது; அவன் சாவை எளிதாகக் கடந்துபோக விடாது. கதை எழுத விரும்பும் நண்பர்களே, உங்கள் கதையில் ஒரே வரியில் மடிபவன் யாரென்று பாருங்கள். அவனுக்கு முதலில் ஒரு பெயர் வையுங்கள். அதன் பின்னும் அவன் மடியத்தான் வேண்டுமா என்பதை முடிவு செய்யுங்கள்.