சம்பளம் ஏஜென்சியிடம், வேலை க்ளையன்ட்டிடம்

மதுரையில் உட்கார்ந்து நியூயார்க் மேனேஜர் ஒருவரின் காலண்டரையும் இன்பாக்ஸையும் பார்த்துக்கொள்ளும் வேலை, விர்ச்சுவல் அசிஸ்டென்ட். ஏஜென்சி வழியாகச் சேர்ந்தால் க்ளையன்ட் கொடுப்பதில் ஒரு பங்கு ஏஜென்சிக்குப் போய்விடும். புலம்பாதீர்கள். முகம் தெரியாத உங்களிடம் அவர் இன்பாக்ஸைத் திறந்துவிடுவது ஏஜென்சியின் பெயரை நம்பித்தான்.

1. ட்ரெயினிங் ஃபீஸ், டெபாசிட் என்று பணம் கேட்டால் அங்கேயே கும்பிடு போட்டுவிடுங்கள். அக்ரிமென்ட்டில் மூன்றைத் தேடுங்கள். நீங்கள் எம்ப்ளாயியா, கான்ட்ராக்டரா? க்ளையன்ட் விலகினால் அடுத்தவர் வரும்வரை சம்பளம் உண்டா? நீங்கள் வெளியே வந்த பிறகு அதே க்ளையன்ட்டிடம் நேரடியாகச் சேர எத்தனை மாதம் தடை?

2. நியூயார்க்கின் காலை 9 மணி, கோடையில் நமக்கு மாலை 6.30. நவம்பர் முதல் ஞாயிறு அவர்கள் கடிகாரத்தைப் பின்னால் தள்ளுவார்கள், அதன்பின் 7.30. மார்ச் இரண்டாம் ஞாயிறு மறுபடி 6.30. லண்டன் மாற்றுவதோ மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில். அதனால் மார்ச்சில் இரண்டு மூன்று வாரம், அக்டோபர் கடைசியில் ஒரு வாரம், இரண்டு ஊருக்கும் இடைவெளி 5 மணி நேரமல்ல, 4. இரு ஊர்க்காரர்களும் சேரும் மீட்டிங் அப்போதுதான் சொதப்பும். ஒரு வாரம் முன்பே மெயில் போட்டுவிடுங்கள். கேட்காமலே சொன்ன ஆளை யாரும் லேசில் மாற்ற மாட்டார்கள்.

தேதியும் அப்படித்தான். 03/04 அமெரிக்கர்களுக்கு மார்ச் 4, நமக்கு ஏப்ரல் 3. ஃப்ளைட் டிக்கெட்டில் இந்தத் தப்பு நடந்தால் பணத்தோடு பெயரும் போகும். மாதத்தை எழுத்தில் எழுதுங்கள்.

3. 'டூ தி நீட்ஃபுல்', 'ப்ரீபோன்' எல்லாம் நம்மூர் ஆபீஸ் இங்கிலீஷ். 'ஐ ஹேவ் எ டவுட்' என்றால், க்ளையன்ட் தான் சொன்னதையே நீங்கள் நம்பவில்லை என்று எடுத்துக்கொள்வார். 'கொஸ்டின்' போதும்.

4. லாக்-அவுட் செய்யும் முன் க்ளையன்ட்டுக்கு மூன்று வரி: முடிந்தது, நிற்பது, அவர் முடிவு சொல்ல வேண்டியது. வெள்ளிக்கிழமை ஏஜென்சியின் அக்கவுன்ட் மேனேஜருக்கும் ஒரு சுருக்கம், க்ளையன்ட்டின் ரகசியம் எதுவும் இல்லாமல். க்ளையன்ட் இல்லாமல் பெஞ்சில் பத்துப் பேர் காத்திருக்கும்போது நல்ல க்ளையன்ட் வந்தால், மேனேஜருக்கு முதலில் ஞாபகம் வரும் பெயருக்குத்தான் போன் போகும்.

பாஸ்வேர்டை வாட்ஸ்அப்பில் வாங்காதீர்கள். பாஸ்வேர்ட் மேனேஜர் வழியாகக் கேளுங்கள். இன்வெர்ட்டரும் இரண்டாவது நெட் கனெக்‌ஷனும் பெரும்பாலும் உங்கள் செலவுதான். முதல் மாதச் சம்பளத்திலேயே வாங்கிவிடுங்கள்.