உவர்நீரில் துணி வெளுத்தல்: பூந்திக்கொட்டையும் உவர்மண்ணும்

தாமிரபரணி கடலோடு கலக்குமிடத்திலுள்ள புன்னைக்காயலைப் போன்ற கரையூர்களில் துணி வெளுப்பதற்கு முதல் தடை நீரேயாம். கடலையடுத்த கிணறுகளில் பெரும்பாலும் உவர்நீரே ஊறுகின்றது. அந்நீரில் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியச் சத்தும் மிகுந்திருப்பதால், சவுக்காரம் நுரையாமல் தயிர்போலத் திரிந்து துணியிற் படிகின்றது. சவுக்காரம் மட்டமென்று கடைக்காரரைக் குறை கூறுவோர் பலர். குற்றம் பெரும்பாலும் கிணற்றினுடையது. ஊரின் பெயரிலேயே உள்ள புன்னையின் எண்ணெயைக் கொண்டு சவுக்காரம் காய்ச்சலாமே என்று சில அங்கத்தினர் கருதக்கூடும். காய்ச்சலாம், ஆயினும் அதுவும் உவர்நீரில் திரியவே செய்யும்.

இக்காலத்துச் சலவைத்தூள்கள் உவர்நீரிலும் நுரைக்கும்படி செய்யப்பட்டவை. ஆனால் அவற்றுட் சிலவற்றிலுள்ள பாஸ்பேட்டுகள் தேங்கிய நீர்நிலைகளிற் சேர்ந்து பாசியை அளவின்றி வளர்க்கின்றன.

பூந்திக்கொட்டையின் தோலிலே சபோனின் என்னும் நுரைக்கும் பொருள் இயல்பாகவே உண்டு. அது சுண்ணாம்புச் சத்தோடு கூடித் திரிவதில்லை. உவர்நீரில் அதற்குள்ள சிறப்பு இதுவே. பொற்கொல்லர் நகை கழுவுவதும், பட்டையும் கம்பளியையும் இதனால் அலசுவதும் பழைய வழக்கம். பன்னிரண்டு காய்களை உடைத்து, விதையை நீக்கி, தோலை 1 லிட்டர் நீரில் இரவு முழுதும் ஊறவைக்கவேண்டும். காலையில் 15 நிமிஷம் கொதிக்கவைத்து, ஆறியபின் பிசைந்து வடிகட்டினால், ஒரு வாளித் துணிக்குப் போதுமான சாறு கிடைக்கும். அதை வெதுவெதுப்பான நீரிற் கலந்து, துணியை அரைமணி நேரம் ஊறவைத்துக் கசக்குக. கடலுக்குச் சென்று வந்தவரின் உடைகளை முன்னதாக நல்ல நீரில் ஒரு முறை அலசி உப்பைப் போக்குவது நலம். சாறு இரண்டொரு நாளிற் புளித்துவிடும். கண்ணிற் பட்டால் கடுமையாக எரியும். மீனெண்ணெய்க் கறையை இது முற்றும் நீக்குமென்று சொல்வதற்கில்லை.

சங்கத்தின் மூலம் மொத்தமாக வாங்குவோர் விதை நீக்கிய தோலையே கேட்டு வாங்குவாராக; விதையோடு வாங்கினால் எடையில் ஏறத்தாழப் பாதி பயனற்றது. கடற்காற்றின் ஈரத்தால் தோல் பிசுபிசுத்துப் போமாதலால், இறுக மூடிய தகரங்களில் வைத்தல் வேண்டும்.

கடுங்கறைக்கு நம்மவர் பண்டைக்காலந்தொட்டு வெள்ளாவியில் உபயோகித்தது உவர்மண். அதிலுள்ள சோடாக் காரம் எண்ணெய்ப்பசையை அறுப்பதோடு நீரின் சுண்ணாம்பையும் அடியிற் படியச் செய்கின்றது. ஆனால் கடற்கரையில் வெண்மையாகப் பூத்திருப்பதெல்லாம் உவர்மண் அன்று; அது பெரும்பாலும் வெறுங் கறியுப்பு. எலுமிச்சஞ்சாறு விட்டுப் பொங்குகின்றதா என்று பார்ப்பது எளிய சோதனை. எனினும் நம் கரை மணலிற் கிளிஞ்சல் தூள் கலந்திருப்பதால் அதுவும் பொங்கி ஏமாற்றும். ஆகையால் மண்ணை நீரிற் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் வடித்து, அதிலே சாற்றைத் தாராளமாக விடுக. தெளிநீர் பொங்கினாலே சோடா உண்டு. இந்நீர் கையைப் புண்ணாக்கும். பட்டுக்கும் கம்பளிக்கும் ஆகாது.

இயற்கைப் பொருளாதலால் கழிவுநீரை எங்கும் கொட்டலாமென்று எண்ணுவது பெருந்தவறு. மீன் வளர்ப்போர் குளத்திலுள்ள களைமீன்களைக் கொல்ல இலுப்பைப் பிண்ணாக்கு இடுவதை அங்கத்தினர் அறிந்திருக்கலாம். அங்கே மீனின் செவுளைக் கெடுத்துக் கொல்வது சபோனினே. பூந்திக்கொட்டையிலும் உள்ளது அவ்வகைப் பொருளே. ஆற்றுமுகத்துக் கழிகள் மீன்குஞ்சும் இறாற்குஞ்சும் வளருமிடம். அங்கே வாளிகளைக் கவிழ்த்தால் பிழைப்புக்கே கேடு. பூந்திக்கொட்டை நீரைப் பின்னும் நீர் கலந்து தென்னையடியில் ஊற்றலாம். மண்ணிலே சபோனின் நாளடைவிற் சிதைந்துவிடும். உவர்மண் நீரை மரத்தடியில் ஊற்றலாகாது, அதிலுள்ள சோடா மண்ணை இறுக்கிவிடும். அதற்குக் கிணற்றுக்கும் கழிக்கும் எட்டத்தில் தனியே ஒரு குழி தோண்டுக.